முழு டேங்க் கணக்கு

ஓசூரில் முக்தார்
ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு வயரைச் செருகி
மடிக்கணினியைத் திறந்தான்.
நாற்பது நிமிடம். இருபத்தெட்டாயிரம்.
"பிக்கப்பும் ஏறும்ணா, மைலேஜும் ஏறும்."
இரண்டும் எப்படி ஒருசேர ஏறும்
என்று கேட்க வாயெடுத்தேன்.
டீ வந்தது.
கேட்கவில்லை.

கால்நடை மருந்து விற்பவன் நான்.
பாலக்கோடு, மாரண்டஅள்ளி, காவேரிப்பட்டணம்,
மாதம் மூவாயிரம் கிலோமீட்டர்.
டானிக் ஊற்றினால் பால் கூடுமா என்பவர்களிடம்
தீவனத்தையும் கொஞ்சம் பாருங்க
என்று சொல்லிப் பழகிய வாய்,
தன் காருக்கு மட்டும்
கேள்வி கேட்காமல் டானிக் வாங்கியது.

சைலன்சர் மாறியது.
காற்று தாராளமாய்ப் போக ஒரு சிவப்புக் கூம்பு.
உயரமும் அகலமும் கூடிய சக்கரங்கள்.
சக்கரம் அழகுக்குத்தான், பொய் சொல்லமாட்டேன்.

பழைய கணக்கு லிட்டருக்குப் பதினெட்டு.
முதல் டேங்க்: பதினைந்து புள்ளி ஆறு.

காரைக் குறை சொல்ல முடியாது.
காரிமங்கலம் தாண்டியதும்
கர்நாடகப் பதிவெண் ஒன்று முந்திப் போக
என் வலது கால்
என்னைக் கேட்காமல் பதில் சொன்னது.
முப்பத்தொன்பது வயதில் புது இழுவை.
மிதித்தால் பறக்கிறது,
பறப்பதால் மிதிக்கிறேன்.

இரண்டாம் டேங்க்: பதினாறு புள்ளி இரண்டு.
முக்தாரைக் கூப்பிட்டேன்.
"கால் எப்படிண்ணா இருக்கு?"
டாக்டரின் குரலில் கேட்டான்.
"நல்லாத்தான் இருக்கு" என்றேன்
எல்லா நோயாளிகளையும் போல.

மூன்றாம் டேங்க் நாகவேணியுடையது.
ராயக்கோட்டையில் அவளுக்கு நாற்றுப்பண்ணை.
டாடா ஏஸ் பழுதில் நின்ற வாரம்
பின் சீட்டை மடக்கி
நாற்பது தட்டு மிளகாய் நாற்றை அடுக்கிக்கொண்டு
தினமும் பென்னாகரம் வரை போய்வந்தாள்.
பிரேக் போட்டால் தட்டு சரியும்.
ஆகவே பிரேக்கே போடாதபடி ஓட்டினாள்.
நூறடிக்கு முன்பே வேகத்தடையைப் பார்த்துக்
காலை எடுத்துவிடுவாளாம்;
வந்து சேரும்போது
தடுக்க அங்கே வேகம் இருக்காது.
பஸ் முந்தியது, பால் வண்டி முந்தியது,
ஒரு டிராக்டர்கூட.
சைலன்சர் என்னிடம் உறுமியது,
அவளிடம் தொண்டையைச் செருமியதோடு சரி.

இருபத்தொன்று புள்ளி ஒன்று.

அதே கார். அதே வயர் தொட்ட மூளை.
"ராயக்கோட்டை மேடு.
நீ சுமையோடு இறங்கியிருக்கே" என்றேன்.
"திரும்பி வரப்போ
மேடு எந்திரிச்சு எங்கே போச்சு?" என்றாள்,
தட்டுகளைக் கழுவிக்கொண்டே.

இரவு நோட்டை விரித்தேன்.
வயரின் வேலை எது, நாற்றின் வேலை எது
என்று பிரிக்கத் தெரியவில்லை.
ரீமேப்புக்கு முன் அவள்
இந்தக் காரைத் தொட்டதே இல்லை.
சரி, தாராளமாகவே வைப்போம்:
பதினெட்டு, பத்தொன்பதரை ஆனால்
கிலோமீட்டருக்கு நாற்பது காசு மிச்சம்.
இருபத்தெட்டாயிரம் திரும்பிவர
எழுபதாயிரம் கிலோமீட்டர்.
இரண்டு வருஷம்.
சைலன்சரும் சக்கரமும் இதில் சேரவில்லை.
கிளட்ச் பிளேட்டை நினைக்கவே வேண்டாம்.
அதுவும் அந்த இரண்டு வருஷத்துக்கு
அவள் காலை எனக்கு இரவல் தந்தால்.

அப்புறம்தான் கைல்கற்களைக் கவனித்தேன்.
ஐம்பது கல் கடந்தும்
மீட்டர் நாற்பத்தெட்டரை என்றது.
பெரிய சக்கரம் குறைவாகச் சுற்றுகிறது.
போன தூரத்தையே
குறைத்துச் சொல்லிக்கொண்டிருக்கிறது கார்.

சந்தோஷமாய்ப் பென்சிலைச் சீவி
மூன்று எண்களையும் திருத்தினேன்.
என்னுடையவை அரை அரையாய் ஏறின.
அவளுடையது
அதைவிடக் கொஞ்சம் கூடுதலாய்.